குடிக்காத என் அண்ணனின் கல்லீரல்

சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நின்றதும் மூடியைத் திறந்தேன். ஆறு குழாய்கள். அடியில் சிவப்பணுக்கள் படிந்து, மேலே சீரம் தெளிந்து நிற்க வேண்டும். ஐந்து குழாய்களில் அப்படித்தான் நின்றது, வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில். ஆறாவதில் இருந்தது பால். டீக்கடைப் பால் போல வெள்ளையாக, பின்னால் பிடித்த விரல் தெரியாத அளவுக்குக் கெட்டியாக.

அந்தக் குழாய்க்கு உரியவர் கரும்பு டிராக்டர் ஓட்டும் தம்பி. முப்பத்தெட்டு வயது, ஒல்லி. சுகர் மட்டும் பார்க்க வந்திருந்தார். வெறும் வயிற்றில் 92. வாசலில் நின்றபடியே கேட்டார்.

“அக்கா, சுகர் எவ்ளோ?”

“தொண்ணூத்திரெண்டு.”

“அப்ப நார்மல்தான். போய்ட்டு வரேங்க்கா, யார்டுல வண்டி நிக்குது.”

நான் அவரைப் போகவிடவில்லை. உட்கார வைத்து, அதே ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு பார்த்தேன். 150-க்குள் இருக்க வேண்டியது 640 இருந்தது. பால் நிறத்துக்குக் காரணம் அதுதான், ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு. அது பெரும்பாலும் கல்லீரல் செய்து அனுப்பியது. “நான் எண்ணெய்ப் பலகாரமே தொடறதில்லையேக்கா” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவர் தொட்டது வேறு. காலையிலிருந்து இரவு வரை எட்டு டீ, நடுவில் இரண்டு குளிர்பானம்.

நெல்லிக்குப்பத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். சுகர் எவ்வளவு? நூறுக்குக் கீழே என்று சொல்லிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். வேறு எதையும் கேட்க மாட்டார்கள். என் அண்ணனும் கேட்கவில்லை.

அண்ணனும் கரும்பு டிராக்டர்தான் ஓட்டினார். அரவைப் பருவம் முழுக்கச் சர்க்கரை ஆலை யார்டில்தான் தூக்கம். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. எங்கள் அப்பா குடித்துக் குடும்பத்தைப் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் அவர். 2018-ல் ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்தார். கல்லீரல் சுருங்கித் தழும்பேறிவிட்டது, சிரோசிஸ் என்றார்கள். சேர்த்த மருத்துவமனையில் பணியில் இருந்தவர் அண்ணியிடம் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை வருஷமா குடிக்கிறாரு?” குடிக்க மாட்டார் என்று அண்ணி சொன்னாள். “எல்லா பொம்பளைங்களும் அப்படித்தாம்மா சொல்லுவீங்க” என்று பதில் வந்தது. 2019-ல், ஐம்பத்தைந்து வயதில் அண்ணன் போனார். கருமாதிக்கு வந்தவர்களில் சிலர் தெருமுனையில் நின்று அதையே பேசிக்கொண்டார்கள். வெளியே தெரியாமல் குடித்திருப்பான் என்று.

இந்தக் கட்டுரையை எழுத அந்தப் பேச்சுதான் காரணம்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டிய ஊர். 1842-ல் பாரி கம்பெனி இங்கே சர்க்கரை ஆலை தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று இதைச் சொல்வார்கள். ஊர் சர்க்கரையைச் சுற்றி வளர்ந்தது. அரவை நடக்கும் மாதங்களில் கழிவுப்பாகின் புளித்த வாசனை காற்றில் இருக்கும். எங்களுக்கு அது வீட்டு வாசனை மாதிரி. கரணை நடுவது, தோகை உரிப்பது, கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பது, வெட்டுக்கூலிக்குப் பேரம் பேசுவது எல்லாம் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கரும்புப் பணத்தில்தான் படித்தேன். கரும்பைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் அதிலிருந்து வரும் சர்க்கரை கல்லீரலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே ரயில் பாதையில் தெற்கே சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில்தான் நான் படித்தேன். அந்தத் துறையில் பேராசிரியர் சி. வி. அனுராதாவும் அவருடைய மாணவர்களும் ஃப்ரக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். விஸ்டார் இன வெள்ளை எலிகளுக்குத் தீவனத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு ஃப்ரக்டோஸ் கொடுப்பார்கள். சில வாரங்களில் அந்த எலிகளின் ரத்தத்தில் இன்சுலின் ஏறும், ட்ரைகிளிசரைடு ஏறும், கல்லீரலில் கொழுப்பு சேரும். மது வாசனையே படாத எலிகள். மனிதர் யாரும் அறுபது சதவீதம் ஃப்ரக்டோஸ் சாப்பிடுவதில்லை, ஆகவே எலிக்கு நடந்தது அப்படியே நமக்கு நடக்கும் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் வழி எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த எலிகள் காட்டின. அப்போது நான் மதிப்பெண்ணுக்காக அதைப் படித்தேன். அண்ணன் போன பிறகு பழைய நோட்டை எடுத்து மறுபடி படித்தேன்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் குடலில் கரைந்து முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். குடலிலிருந்து வரும் ரத்தக் குழாய் நேராக அங்கேதான் போகிறது. கணையம் சுரக்கும் இன்சுலினும் அதே வழியில் முதலில் கல்லீரலைத்தான் தொடுகிறது. சாப்பிட்டவுடன் வந்து குவியும் குளுக்கோஸில் ஒரு பங்கை வாங்கிச் சேமிப்பது, பிறகு ராத்திரி நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது, இரண்டும் அதன் வேலை. காலையில் நான் ஊசி குத்தி எடுக்கும் ‘ஃபாஸ்டிங் சுகர்’ நீங்கள் நேற்றுச் சாப்பிட்டதன் அளவு என்று நினைக்காதீர்கள். ராத்திரி முழுக்க உங்கள் கல்லீரல் எவ்வளவு விட்டது என்பதன் அளவு அது.

குளுக்கோஸைக் கல்லீரல் எப்படி உள்ளே பிடித்து வைக்கிறது? குளுக்கோகைனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது குளுக்கோஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். ஒட்டியபின் அந்தக் குளுக்கோஸ் செல்லை விட்டு வெளியேற முடியாது. எங்கள் ஊர் ஆலையில் யார்டில் நிற்கும் வண்டியிலிருந்து கரும்பை இழுத்துக் கேரியரில் போடும் ஆள் இருப்பார் இல்லையா, அவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரியரில் விழுந்த கரும்பு திரும்பி வண்டிக்குப் போகாது.

யார்டில் வண்டியே இல்லாதபோது இந்த ஆளுக்கு என்ன வேலை? அவரை ஒரு அறையில் உட்கார வைத்திருக்க ஒரு மேஸ்திரி வேண்டும். கல்லீரல் செல்லுக்குள் அந்த மேஸ்திரி ஒரு புரதம். பெயரே ‘குளுக்கோகைனேஸ் ஒழுங்குபடுத்தும் புரதம்’ என்பதுதான். சுருக்கமாக ஜிகேஆர்பி என்பார்கள். பெல்ஜியம் நாட்டு லூவேன் பல்கலைக்கழகத்தின் எமில் வான் ஷாஃப்டிங்கன் 1989-ல் இதை எலியின் கல்லீரலிலிருந்து கண்டறிந்து சொன்னார். நாம் பட்டினியாக இருக்கும்போது இந்தப் புரதம் குளுக்கோகைனேஸைப் பிடித்துச் செல்லின் நடுவே உள்ள உட்கருவுக்குள் அடைத்து வைக்கிறது. சாப்பிட்டதும் விடுவிக்கிறது. நொதி வெளியே வந்து வேலையைத் தொடங்குகிறது. மறுபடி பட்டினி என்றால் மறுபடி உள்ளே. ஒரு நாளைக்கு மூன்று முறை, நாம் அறியாமல், வாழ்நாள் முழுக்க இது நடக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். அவ்வளவு அழகான ஏற்பாடு.

மேஸ்திரியிடமிருந்து ஆளை விடுவிக்கும் சாவி எது என்பதில்தான் எங்கள் ஊருக்குச் சம்பந்தம் வருகிறது. குளுக்கோஸ் அதிகமாவதும் அவரை வெளியே கொண்டுவரும். ஆனால் பிடியை நேரடியாகத் தளர்த்துவது ஃப்ரக்டோஸ் 1-பாஸ்பேட் என்ற பொருள். ஃப்ரக்டோஸ் கல்லீரலுக்குள் நுழைந்த வேகத்தில் அது உண்டாகிவிடும். நாம் டீயில் போடும் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். கரும்பும் அதுதான், சாவியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இயற்கை இதைத் தவறாகச் செய்யவில்லை. ஒரு கொய்யாப்பழத்தில் இருக்கும் சிறிதளவு ஃப்ரக்டோஸ், கூடவே வரும் குளுக்கோஸைக் கல்லீரல் சட்டென்று வாங்கிக்கொள்ள உதவுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமல் இருக்க அது நல்லது. பண்ருட்டிப் பலாவில் நாலு சுளை சாப்பிட்டதற்காக யாரும் பயப்பட வேண்டாம். தொந்தரவு அளவில் வருகிறது. என் அண்ணனின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம். எட்டு டீ, 80 கிராம். இதன் மேல் வெயில் காலத்தில் கரும்புச் சாறு. ஒரு டம்ளர் சாற்றில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இப்படிச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு பெரியவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அண்ணன் வெயில் காலத்தில் 100 கிராமுக்கு மேல்.

அவ்வளவு வரும்போது கல்லீரலுக்குள் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. சாவி ஓயாமல் திருகிக்கொண்டே இருப்பதால் குளுக்கோஸ் உள்ளே இழுக்கப்படுகிறது. ஃப்ரக்டோஸும் தன் பங்குக்கு நேராகக் கொழுப்பு செய்யும் பாதையில் போய் விழுகிறது. குளுக்கோஸுக்கு உள்ளதைப் போன்ற தடை அதற்கு இல்லை. சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜனாக வைக்க இடம் கொஞ்சம்தான். மிச்சம் கொழுப்பாகிறது. யார்டு காலியாகத் தெரியும். கிடங்கில் மூட்டைக்கு மேல் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும். நான் காலையில் ஊசி குத்திப் பார்ப்பது யார்டை மட்டும்.

2009-ல் அமெரிக்காவின் டேவிஸில் கிம்பர் ஸ்டான்ஹோப்பும் பீட்டர் ஹேவலும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பருமனான ஆண்களையும் பெண்களையும் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு குளுக்கோஸ் பானம், மறு பிரிவுக்கு ஃப்ரக்டோஸ் பானம், பத்து வாரம். இரண்டு பிரிவினருக்கும் எடை ஏறத்தாழ ஒரே அளவு கூடியது. ஆனால் ஃப்ரக்டோஸ் குடித்தவர்களுக்குத்தான் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்ந்தது, கல்லீரல் புதிதாகக் கொழுப்பு செய்வது கூடியது, இன்சுலின் சொல்வதை உடல் கேட்பது குறைந்தது. சிதம்பரத்து எலிகள் காட்டிய திசைதான்.

இந்த மேஸ்திரிப் புரதத்தைப் பற்றி இன்னொரு சேதி உண்டு. அதைப் படித்த பிறகுதான் டிராக்டர் தம்பியைப் போன்றவர்களின் ரிப்போர்ட்டை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். இந்தப் புரதம் 625 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 446-வது இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்குப் பிறவியிலேயே லியூசின் இருக்கிறது. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கும் சாதாரணமான மாற்றம். இதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்து மாறினால் மேஸ்திரியின் பிடி தளர்ந்துவிடுகிறது. குளுக்கோகைனேஸ் வெளியிலேயே அதிகம் திரிகிறது. 2008-ல் ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களைப் பார்த்த ஆய்வாளர்கள் விந்தையான ஒன்றைச் சொன்னார்கள். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு. நீரிழிவு வரும் வாய்ப்பும் சற்றுக் குறைவு. ட்ரைகிளிசரைடு மட்டும் அதிகம். 2011-ல் வந்த இன்னொரு பெரிய மரபணு ஆய்வு, கல்லீரலில் கொழுப்பு சேர்வதோடு தொடர்புடைய மரபணுக்களில் இந்தப் புரதத்தின் மரபணுவும் ஒன்று என்றது.

யோசித்துப் பாருங்கள். சுகர் ரிப்போர்ட்டில் மற்றவர்களைவிட நல்ல எண் வரும். அந்த நல்ல எண்ணை வாங்கித் தருகிற அதே புரதம் கல்லீரலில் கொழுப்பை ஏற்றிக்கொண்டிருக்கும். என் அண்ணனுக்கு இந்த மாற்றம் இருந்ததென்று சொல்ல வரவில்லை; அதற்கான சோதனையை நாங்கள் செய்யவில்லை. சுகரும் கல்லீரல் கொழுப்பும் வேறு வேறு கணக்கு, ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கணக்கும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து கெடும். அதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இன்சுலின் கல்லீரலுக்கு இரண்டு உத்தரவு கொடுக்கிறது. சர்க்கரையை வெளியே விடாதே என்பது ஒன்று. வந்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேமி என்பது மற்றொன்று. இரண்டாவது உத்தரவை நிறைவேற்ற எஸ்ஆர்இபிபி-1சி என்று இன்னொரு ஒழுங்குபடுத்தும் புரதம் இருக்கிறது. கொழுப்பு சேரச் சேர கல்லீரலுக்கு முதல் உத்தரவு காதில் விழாமல் போகிறது. இரண்டாவது மட்டும் நன்றாகக் கேட்கிறது! கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 2008-ல் இந்த முரணை எடுத்து எழுதினார்கள். கல்லீரல் சர்க்கரையையும் வெளியே விடுகிறது, கொழுப்பையும் செய்துகொண்டே இருக்கிறது. கணையம் இன்னும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. சுரக்கச் சுரக்க கொழுப்பு உத்தரவுதான் வலுக்கிறது. கணையம் சமாளிக்கும் வரை ஃபாஸ்டிங் சுகர் நூறைத் தாண்டாது. பத்து வருடம்கூட அப்படி ஓடலாம். அந்தப் பத்து வருடமும் நான் ‘நார்மல்’ என்று அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

“குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே இதெல்லாம்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2006-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒல்லியான, ஆரோக்கியமான, புகைபிடிக்காத இளைஞர்களைச் சோதித்தார்கள். மற்ற இனத்தவரோடு ஒப்பிட்டால், இந்திய வம்சாவளி இளைஞர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம், கல்லீரல் கொழுப்பு சுமார் இரண்டு மடங்கு. நம் உடலுக்குத் தோலுக்கடியில் கொழுப்பை வைக்க இடம் போதவில்லை, சீக்கிரமே கல்லீரலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேருக்கு ஸ்கேன் எடுத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு. நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேல். நான் இரண்டு முறை திரும்பப் படித்த எண் வேறு. சர்க்கரை அளவு முற்றிலும் இயல்பாக இருந்தவர்களிலும் 22.5 சதவீதம். சுகர் நார்மல் என்று சிரித்துக்கொண்டே போகும் ஐந்து பேரில் ஒருவர்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். எங்கள் பக்கத்து வீடு மாதிரி இருக்கும் புதுச்சேரியில் 26.3. கடலூர்க்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர் அது. அவர்கள் சாப்பாடு வேறு, எங்கள் சாப்பாடு வேறு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தப் புரதத்தின் பிடியை மருந்தால் மாற்ற முடியுமா? முயன்றிருக்கிறார்கள். 2013-ல் ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள் மேஸ்திரியிடமிருந்து நொதியைப் பிரித்துவிடும் சிறு மூலக்கூறுகளைச் செய்து, நீரிழிவு உள்ள எலிகளுக்குச் சர்க்கரை குறைவதைக் காட்டினார்கள். ஆனால் பிறவியிலேயே பிடி தளர்ந்தவர்களுக்குக் கொழுப்பு ஏறுவதைத்தான் மேலே பார்த்தோமே. அந்தக் கவலை இந்த வழியில் தேடுகிறவர்களை விடவில்லை. என்னைக் கேட்டால், அந்த மருந்து வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத நோய் இது.

அண்ணன் இறந்து ஒரு வருடம் கழித்து, அண்ணி பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே 2016-ல் வெளியே ஓர் இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை. ஃபாஸ்டிங் சுகர் 96. அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு டிக் அடித்திருந்தது. எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 1.50 லட்சம். கல்லீரல் எண்கள் இரண்டும் சற்று அதிகம். பிளேட்லெட் இயல்பின் கடைசி விளிம்பில். “குடியைக் குறைங்க” என்று யாரோ வாயால் சொல்லி அனுப்பினார்களாம். அண்ணன் வீட்டுக்கு வந்து, “குடிச்சாத்தானே குறைக்க?” என்று சிரித்தாராம்.

ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது கல்லீரல் தழும்பேறியிருக்கும் வாய்ப்பைச் சொல்லும். 1.3-க்குக் கீழே என்றால் பயமில்லை. 2.67-க்கு மேலே என்றால் உடனே கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை. முப்பத்தைந்து வயதுக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும் இந்த எல்லைகள் அவ்வளவு பொருந்தாது, அதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

அண்ணியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தின் பின்புறத்தில் போட்டேன். 52 பெருக்கல் 60, 3120. வர்க்கமூலம் 7. 150 பெருக்கல் 7, 1050. வகுத்தால் 2.97.

அண்ணன் இறப்பதற்கு மூன்று வருடம் முன்பே அந்த எண் அந்தக் காகிதத்தில் இருந்தது. யாரும் கணக்குப் போடவில்லை. அதே தொழிலில் இருந்த தங்கை நான், 2016-ல் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணனும் காட்டவில்லை, சுகர்தான் நார்மல் ஆயிற்றே.

கல்லீரல் கொழுப்பு ஆரம்ப நிலையில் இருந்தால் குறைக்க முடியும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைத்தவர்களுக்கு வீக்கமும், சிலருக்குத் தழும்பும்கூடக் குறைந்திருக்கிறது. எழுபது கிலோ ஆளுக்கு ஐந்து முதல் ஏழு கிலோ. டிராக்டர் தம்பியிடம் நான் சொன்னது இரண்டுதான். டீயில் சர்க்கரையை நிறுத்து. கலர் குடிக்காதே. “நாட்டுச்சக்கரை போட்டுக்கலாமாக்கா?” என்று கேட்டார். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், கல்லீரலுக்கு நிறம் தெரியாது என்றேன். தேனும் அப்படித்தான், அதில் ஃப்ரக்டோஸ் இன்னும் கொஞ்சம் கூட. சோற்றைக் குறைத்துப் பயறும் சுண்டலும் கூட்டச் சொன்னேன். டாக்டரிடம் அனுப்பினேன், மருந்தும் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து வந்தபோது குழாயில் சீரம் கலங்கலாக இருந்தது, ஆனால் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. ட்ரைகிளிசரைடு 210.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு கல்லீரல் கொழுப்பு நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அந்தச் சகோதரி வெயிலில் நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஒரே ஒரு வேண்டுகோள். சுகர் இருப்பவர்களுக்கும், இடுப்பு பெருத்தவர்களுக்கும் வருடத்துக்கு ஒருமுறை இந்த ஃபிப்-4 கணக்கையும் போட வேண்டும். புது இயந்திரம் எதுவும் வேண்டாம். தேவையான ரத்தப் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே செய்யக்கூடியவை.

என் நிலையத்தில் இப்போது கல்லீரல் எண்களும் பிளேட்லெட்டும் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ஃபிப்-4 எண்ணை அச்சடித்துக் கொடுக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு இல்லை. பெருக்கல் வகுத்தல் தானே. வேறு எங்கே எடுத்த பழைய ரிப்போர்ட்டைக் கொண்டு வந்தாலும் போட்டுத் தருகிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். எடுத்துப் பாருங்கள். வட்டம் போட்ட சுகரை விட்டுவிட்டு, மற்ற மூன்று எண்களையும் வயதையும் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடிக்காத ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுப் படுத்திருந்தால், அவர் மனைவியிடம் எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ, அதில் எத்தனை ஸ்பூன் என்று கேளுங்கள். என் அண்ணி அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருப்பாள்.